பிர்அவ்ன் யாரு, ஸேர்?

மூஸா நபியின் கதையும் நவீன அரசியல் மேடையும்

உயர்தர வகுப்பில் ஒருநாள் பேச்சுக்கலை பற்றிய பாடம். நல்ல மேடைப் பேச்சுக்கு ஓர் உதாரணம் காட்ட வேண்டியிருந்தது. எமது அரசியல்வாதிகளின் பேச்சை வகுப்பறைக்குள் கொண்டுவந்தால் பிறகு அது வகுப்பறையாக இராது. ஆகவே, மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 3ஆம் திகதி இரவு மெம்பிஸ் நகரில் ஆற்றிய கடைசிப் பேச்சின் சாரத்தைத் தமிழில் எழுதிக்கொண்டு போனேன். மலையுச்சியில் நின்று வாக்களிக்கப்பட்ட பூமியைக் கண்டதாக அவர் கூறும் முடிவுப் பகுதியை விளக்கிக்கொண்டிருக்கும்போது முன்வரிசை மாணவி ஒருத்தி கேட்டாள்: "இது எங்கட மூஸா நபிட கதைதானே? அப்ப அவர் சொல்ற பிர்அவ்ன் யாரு, ஸேர்?"

அதற்குப் பதில் சொல்லிவிட்டேன். கறுப்பின மக்களை மனிதராக மதிக்காத அமெரிக்க நிறவெறி அமைப்புத்தான் அங்கு பிர்அவ்ன் என்றேன். உடனே பின்வரிசையிலிருந்து இன்னொரு கேள்வி வந்தது. "அந்த வாக்களிக்கப்பட்ட பூமியில முன்னமே இருந்த ஆக்கள் எங்க போனாங்க ஸேர்?"

மணி அடித்தது. உண்மையைச் சொன்னால், மணிதான் என்னைக் காப்பாற்றியது.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு கேள்விகளுக்கும் பிந்தி எழுதும் பதில். தவ்ராத்திலும் அல்குர்ஆனிலும் வரும் இந்தக் கதையை நவீன அரசியல் எப்படியெல்லாம் கையில் எடுத்தது, எடுத்தவர்கள் கதையின் எந்தப் பக்கத்தைப் படித்தார்கள், எந்தப் பக்கத்தை மடித்து வைத்தார்கள் என்பதே இங்கு என் அக்கறை.

1

மூஸா (அலை) அவர்களின் வரலாறு எமக்குப் புதிதல்ல. அல்குர்ஆனில் ஆக அதிகமாகப் பெயர் குறிப்பிடப்படும் நபி அவர்தான். ஆஷூரா நோன்பு பிடிக்கும் வீட்டில் ஆறு வயதுப் பிள்ளைக்கும் கடல் பிளந்த கதை தெரியும். எமது கிறிஸ்தவ அயலவர்களுக்கு அவர் மோசே. பிர்அவ்ன் அவர்களுக்குப் பார்வோன். அவர்களுடைய வேதாகமத்தில் யாத்திராகமம் தொடங்கி உபாகமம் முடிய நீளும் கதை அது. யூத மக்களுக்கோ ஆண்டுதோறும் பஸ்கா இரவில் குடும்பமாக உட்கார்ந்து திரும்பச் சொல்லும் கதை.

இப்படி மூன்று சமூகங்களின் நினைவில் ஊறிய கதைக்கு மேடையில் ஒரு தனிப் பலமுண்டு. பேச்சாளர் எதையும் விளக்கத் தேவையில்லை. "பிர்அவ்ன்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். மிச்சத்தைச் சபை தானே நிரப்பிக்கொள்ளும். கொடுங்கோலன் யார், ஒடுக்கப்பட்டவர் யார், இறைவன் யார் பக்கம், முடிவில் யார் மூழ்குவார் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

ஆபத்தும் அதற்குள்தான் இருக்கிறது. ஒருவரைப் பிர்அவ்ன் என்று அழைத்தவுடன் அழைத்தவர் தன்னை மூஸாவின் இடத்தில் அமர்த்திக்கொள்கிறார். அந்த ஆசனத்தில் அவரை அமர்த்தியது யார் என்று சபை கேட்பதில்லை.

2

1776 ஜூலை 4ஆம் திகதி, அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் ஏற்கப்பட்ட அதே நாளில், புதிய நாட்டுக்கு ஒரு முத்திரை வரையும் பொறுப்பு பெஞ்சமின் பிராங்க்ளின், ஜோன் அடம்ஸ், தோமஸ் ஜெபர்சன் ஆகிய மூவரிடம் கொடுக்கப்பட்டது. பிராங்க்ளின் முன்வைத்த காட்சி இது: கரையில் நின்று மூஸா கையை நீட்டுகிறார், முடியும் வாளும் தரித்த பிர்அவ்ன் தன் தேரோடு கடலில் மூழ்குகிறான். ஜெபர்சனோ, பகலில் மேகமும் இரவில் நெருப்புத் தூணும் வழிகாட்ட வனாந்தரத்தில் நடக்கும் பனூ இஸ்ராயீலரை முன்வைத்தார். பிரித்தானிய மன்னர் மூன்றாம் ஜோர்ஜ் அவர்களுடைய பிர்அவ்ன். அந்த முத்திரை நிறைவேறவில்லை. 1782இல் கழுகு பொறித்த முத்திரையே ஏற்கப்பட்டது.

படம் போய்விட்டது, ஆனால் அதற்குள் இருந்த முரண் போகவில்லை. ஜெபர்சன் தன் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தவர். அடிமைத்தளையிலிருந்து தப்பிய மக்களின் காட்சியைத் தன் நாட்டின் அடையாளமாக்க நினைத்தபோது, தன் தோட்டத்தில் வேலை செய்தவர்களின் கண்ணுக்குத் தான் யாராகத் தெரிவேன் என்று அவர் யோசித்ததற்கு அந்த முத்திரையில் தடயமில்லை.

அவர் கேட்காத கேள்வியை அந்த அடிமைகள் கேட்டார்கள். எஜமானர்களின் தேவாலயத்தில் கேட்ட அதே கதையை எடுத்து, அதில் எஜமானரையே பிர்அவ்னாக வைத்துப் பாடினார்கள். 'கோ டவுன் மோசஸ்' என்ற பாடல் அப்படிப் பிறந்ததுதான். மேரிலாந்திலிருந்து 1849இல் தப்பியோடிய ஹாரியட் டப்மன் என்ற பெண், சுமார் 13 தடவைகள் இரகசியமாகத் திரும்பிப்போய் ஏறத்தாழ 70 பேரை மீட்டு வந்தார். மக்கள் அவரை "மோசே" என்றே அழைத்தார்கள். இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். பிராங்க்ளின் மூஸாவைப் படமாக வரைந்தார். டப்மன் திரும்பவும் பிர்அவ்னின் நாட்டுக்குள் நடந்து போனார். மத்யனில் பாதுகாப்பாக இருந்த மூஸா (அலை) மிஸ்ருக்குத் திரும்பிப்போன அந்த நடைதான் டப்மனுடையதும்.

இந்த நீண்ட மரபின் நுனியில் நிற்பதே கிங்கின் மெம்பிஸ் பேச்சு. அதன் கடைசி நிமிடங்களை மட்டுமே உலகம் திரும்பத் திரும்பக் கேட்கிறது. முழுவதையும் படித்தால் வேறொரு கிங் தெரிவார். குப்பை அள்ளும் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்திற்காக அவர் அங்கு வந்திருந்தார். அவ்வாண்டு பெப்ரவரி 1ஆம் திகதி இரண்டு தொழிலாளர்கள் குப்பை லொறியின் இயந்திரத்தில் நசுங்கி இறந்திருந்தனர். அதன் பின்னர் 1,300 பேரளவில் வேலையை நிறுத்தினார்கள். பேச்சின் நடுப்பகுதி முழுக்க எந்தப் பாணை வாங்கக்கூடாது, எந்தப் பாலை வாங்கக்கூடாது, பணத்தை எந்த வங்கியில் போட வேண்டும் என்பதுதான். வாக்களிக்கப்பட்ட பூமிக்குப் போகும் வழி பாண் கடையைத் தாண்டித்தான் போகிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

அந்தப் பேச்சில் பிர்அவ்னின் தந்திரம் பற்றியும் ஓரிடம் வருகிறது. அடிமைத்தனத்தை நீடிக்க விரும்பிய போதெல்லாம் பிர்அவ்ன் அடிமைகளைத் தங்களுக்குள் சண்டைபிடிக்க வைத்தான் என்கிறார் கிங். இதைப் படித்தபோது எனக்கு அல்கஸஸ் அத்தியாயத்தின் ஆரம்பம் நினைவுக்கு வந்தது. பிர்அவ்னின் குற்றங்களைச் சொல்லத் தொடங்கும் அல்குர்ஆன், ஆண் குழந்தைகளைக் கொன்றதைச் சொல்வதற்கு முன்னரே, அவன் தன் நாட்டு மக்களைப் பிரிவு பிரிவாகப் பிரித்ததைச் சொல்கிறது. கொலை அதன் பிறகு வருகிறது. கிங் அல்குர்ஆனைப் படித்து அதைச் சொன்னார் என்று நான் சொல்லவரவில்லை. ஒடுக்குமுறையை உள்ளிருந்து அனுபவித்தவர்களுக்குப் பிர்அவ்ன் ஒரே மாதிரித்தான் தெரிகிறான்.

மறுநாள் மாலை கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 39. தான் அந்தப் பூமிக்குள் போகாமலே இறக்கலாம் என்று சொன்னவர் அப்படியே இறந்தார். தவ்ராத்தின்படி மூஸா நேபோ மலையில் நின்று தூரத்தில் பூமியைப் பார்த்துவிட்டு மரணிக்கிறார். எமது ஹதீஸிலும், புனித பூமிக்குக் கல்லெறியும் தூரத்துக்காவது தன்னை நெருங்கவைக்குமாறு அவர் இறைவனிடம் கேட்டதாக வருகிறது. இரண்டு மரபிலும் தலைவருக்குப் பூமி கிடைக்கவில்லை. கிங் எடுத்துக்கொண்டது வெற்றிபெற்ற மூஸாவை அல்ல, இந்த மூஸாவை.

பின்வரிசை மாணவனின் கேள்விக்கு இங்கு ஒரு பாதிப் பதில் இருக்கிறது. கிங்கின் வாக்களிக்கப்பட்ட பூமி வேறோர் இடத்தில் இல்லை. அது அதே மெம்பிஸ்தான். அங்கிருந்து யாரையும் துரத்தத் தேவையில்லை. நேற்றுவரை பிர்அவ்னின் பக்கம் நின்றவரும் அதே தெருவில் குடியிருக்கப் போகிறார்.

ஆனால் உவமை ஓடிக்கொண்டே இருக்கும். 2007 மார்ச்சில் செல்மா நகரத்துத் தேவாலயம் ஒன்றில் பேசிய பராக் ஒபாமா, சிவில் உரிமைப் போராளிகளை மோசேயின் தலைமுறை என்றும் தன்னைப் போன்றவர்களை யோசுவாவின் தலைமுறை என்றும் வர்ணித்தார். அழகான வரிசைதான். எமது மரபில் யூஷஃ பின் நூன் என்று அறியப்படும் யோசுவா, வேதாகமத்தில் எரிகோ பட்டணத்தைப் பிடித்து அதிலிருந்தவர்களை வாளுக்கு இரையாக்கியவர். யோசுவாவின் பெயரைச் சொல்பவர் எரிகோவையும் கூடவே தூக்கிக்கொண்டு வருகிறார். கைதட்டலில் அது கேட்பதில்லை.

3

மைக்கல் வோல்ஸர் என்ற அமெரிக்க யூத அரசியல் சிந்தனையாளர் 1985இல் இந்தக் கதை பற்றி ஒரு நூல் எழுதினார். 'எக்ஸோடஸ் அன்ட் ரெவலூஷன்' என்பது அதன் பெயர். 1960இல் மொன்ட்கோமரியில் ஒரு சிறிய கறுப்பினத் தேவாலயத்தில் கேட்ட பிரசங்கம் தன்னை இந்தச் சிந்தனைக்குள் இழுத்ததாக அவர் சொல்கிறார். அவருடைய வாதத்தின் சாரம் இதுதான்: மேற்குலகின் புரட்சிச் சிந்தனைக்கு இக்கதையே மூலவடிவம். நீங்கள் இருக்கும் இடம் மிஸ்ர். அதைவிட நல்ல இடமொன்று உண்டு. போகும் வழி வனாந்தரம். கூட்டாக நடந்தால் மட்டுமே போய்ச் சேரலாம். உலகம் ஒரே நாளில் சொர்க்கமாகிவிடும் என்று நம்பும் அரசியலுக்கு எதிராக, நடந்து களைத்து, பிழைவிட்டு, திருந்தி முன்னேறும் அரசியலை அவர் இக்கதையில் கண்டார்.

நூல் நன்றாக எழுதப்பட்டது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அடுத்த ஆண்டே எட்வேர்ட் ஸெய்த் அதற்கு ஒரு மறுப்பு எழுதினார். அதற்கு அவர் கொடுத்த உபதலைப்பே பாதி விமர்சனத்தைச் சொல்லிவிடும்: கானானியரின் வாசிப்பு. ஜெரூசலத்தில் பிறந்து அந்த ஊரை இழந்த பலஸ்தீனர் கேட்ட கேள்வியும் எனது பின்வரிசை மாணவன் கேட்ட கேள்வியும் ஒன்றேதான். அந்தப் பூமியில் ஏற்கெனவே இருந்தவர்கள் உங்கள் விடுதலைக் கதையில் எங்கே? உபாகமத்தில் அவர்களை முற்றாக அழிக்குமாறு கட்டளை வருகிறதே, அதை ஏன் கதையின் ஓரத்துக்குத் தள்ளினீர்கள்? வோல்ஸருக்கும் ஸெய்துக்கும் இடையில் கடிதங்கள் சூடாகவே பரிமாறப்பட்டன.

1989இல் இதே கேள்வியை அமெரிக்க மண்ணிலிருந்தே கேட்டவர் ரொபர்ட் வொரியர், ஒஸேஜ் என்ற பூர்வகுடியைச் சேர்ந்த அறிஞர். விடுதலை இறையியலாளர்கள் இக்கதையைப் படித்துத் தங்களை இஸ்ராயீலராகக் காண்கிறார்கள். பூர்வகுடியினனாகிய நான் படிக்கும்போது கானானியனாகவே என்னைக் காண்கிறேன் என்பது அவரது வாதம். புதிய உலகத்துக்குக் கப்பலேறி வந்த வெள்ளையர் தங்களை இஸ்ராயீலராகவும் அந்நிலத்தைக் கானானாகவும் எண்ணியவர்கள்தாமே. தென்னாபிரிக்காவில் பிரித்தானிய ஆட்சியை வெறுத்து மாட்டு வண்டிகளில் உள்நாட்டுக்குப் போன போயர்களும் தங்கள் பயணத்தை இப்படித்தான் புரிந்துகொண்டார்கள். பிர்அவ்னிடமிருந்து தப்பிய நினைவோடு போனவர்களின் பேரர்கள் 1948இல் அபார்தைட் ஆட்சியை அமைத்தார்கள்.

இந்த விவாதத்தில் எமக்கும் ஒரு பங்குண்டு என்று நினைக்கிறேன். ஸெய்தின் விமர்சனத்தைப் படிக்கும் முஸ்லிம் வாசகர், "அது அவர்களுடைய வேதத்தின் பிரச்சினை" என்று சொல்லி நகர்ந்துவிடலாம். அது சரியல்ல. புனித பூமிக்குள் நுழையுமாறு மூஸா (அலை) தன் சமூகத்தை அழைப்பதும், அங்கே பலசாலிகள் இருக்கிறார்கள் என்று அவர்கள் பின்வாங்குவதும், நாற்பது ஆண்டுகள் அலைவதும் அல்மாஇதாவில் வருகின்றன. அங்கிருந்தவர்களைப் பூண்டோடு அழிக்கும் கட்டளை எமது வேதத்தில் இல்லை. அல்பகராவில் ஊருக்குள் நுழையும் ஒழுங்கு சொல்லப்படுகிறது: தலை தாழ்த்தி, பாவமன்னிப்புக் கேட்டுக்கொண்டு நுழைய வேண்டும். அப்படி நுழையாதவர்கள் கண்டிக்கப்படுகிறார்கள்.

இன்னும் முக்கியமான ஓரிடம் அல்அஃராபில் இருக்கிறது. நீங்கள் வருமுன்னும் துன்பம், வந்த பின்னும் துன்பம் என்று மக்கள் மூஸாவிடம் முறையிடுகிறார்கள். உங்கள் எதிரியை இறைவன் அழித்து உங்களைப் பூமியில் பொறுப்பாளர்களாக்கக்கூடும், அதன் பிறகு நீங்கள் எப்படி நடக்கிறீர்கள் என்று அவன் பார்ப்பான் என்பது அவர் கொடுத்த பதிலின் கருத்து. வெற்றி கிடைக்கும் என்று சொல்லும் அதே மூச்சில் பரீட்சையும் வைக்கப்படுகிறது. மேடைப் பேச்சாளர்கள் பெரும்பாலும் அந்த மூச்சின் முதற் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

4

2023 ஒக்டோபர் 7ஆம் திகதித் தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். அந்த உயிர்களின் பெறுமதியை மறுத்துக்கொண்டு காஸாவைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. அதே மாதம் 28ஆம் திகதி, தரைவழிப் படையெடுப்பு விரிவாக்கப்பட்ட வேளையில், பிரதமர் பெஞ்சமின் நெதன்யாகு அமலேக்கியர் செய்ததை நினைவுகூருமாறு தன் மக்களுக்குச் சொன்னார். அது உபாகமம் 25ஆம் அதிகாரத்தில் மூஸா மக்களுக்குச் சொல்வதாக வரும் பகுதி. மிஸ்ரிலிருந்து வெளியேறி வந்தபோது பின்னால் தளர்ந்து வந்தவர்களைத் தாக்கியவர்கள் அமலேக்கியர். அவர்களுடைய நினைவே பூமியில் இல்லாமல் துடைக்கப்பட வேண்டும் என்று அப்பகுதி முடிகிறது. பின்னர் சாமுவேலின் புத்தகத்தில் குழந்தைகள் உட்பட அச்சமூகத்தையே கொல்லும் கட்டளை வருகிறது. டிசம்பர் 29ஆம் திகதி சர்வதேச நீதிமன்றத்தில் தென்னாபிரிக்கா தாக்கல்செய்த வழக்கில் இந்த வார்த்தைகளும் எடுத்துக்காட்டப்பட்டன. ஹமாஸைக் குறித்தே அப்படிச் சொல்லப்பட்டது, இன அழிப்பைத் தூண்டவில்லை என்று நெதன்யாகுவின் அலுவலகம் விளக்கியது.

விளக்கத்தை ஏற்பதா இல்லையா என்பதைச் சட்டவாளர்கள் பார்க்கட்டும். இலக்கிய மாணவனாக நான் பார்ப்பது வேறொன்றை. உபாகமத்தில் அந்த 25ஆம் அதிகாரத்துக்கு முந்திய பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், 24ஆம் அதிகாரத்தின் இறுதியிலும் "நினைவுகூருங்கள்" என்ற கட்டளை வருகிறது, அதுவும் இரண்டு தடவை. அங்கே நினைவுகூரச் சொல்லப்படுவது எதிரியை அல்ல. நீங்கள் மிஸ்ரில் அடிமைகளாயிருந்ததை நினைவில் வைத்து, உங்கள் மத்தியிலிருக்கும் அந்நியனுக்கும் அநாதைக்கும் விதவைக்கும் அநியாயம் செய்யாதீர்கள். அறுவடையில் விட்டுப்போன கதிரையும் மரத்தில் மிஞ்சிய ஒலிவையும் அவர்களுக்கே விடுங்கள் என்று சொல்லப்படுகிறது.

ஒரே புத்தகம், அடுத்தடுத்த இரண்டு அதிகாரங்கள், இரண்டு நினைவுகள். ஒன்று பட்ட காயத்தை நினைத்து இன்னொருவரின் காயத்தைத் தடுக்கச் சொல்கிறது. மற்றது பட்ட காயத்தை நினைத்து எதிரியைத் துடைத்தழிக்கச் சொல்கிறது. வேதத்தைக் கையில் எடுக்கும் அரசியல்வாதி எந்த அதிகாரத்தைத் திறக்கிறார் என்பது வேதத்தைப் பற்றிச் சொல்வதைவிட அவரைப் பற்றியே அதிகம் சொல்கிறது. அமலேக்கியர் யார் என்று இன்று அடையாளம் காண முடியாது என்ற கருத்து யூத அறிஞர் மரபிலேயே இருக்கிறது. ஆகவே அது தவ்ராத்தின் குரல் என்றோ யூதர்களின் குரல் என்றோ நாம் பொதுமைப்படுத்துவது அநியாயம்.

அதற்குச் சான்றும் உண்டு. 2024 ஏப்ரலில், பஸ்கா காலத்தில், நியூயோர்க்கின் புரூக்ளினில் காஸா யுத்தத்துக்கு எதிரான யூதர்கள் தெருவில் கூடினார்கள். எழுத்தாளர் நயோமி கிளைன் அங்கு பேசினார். அவர் எடுத்த காட்சி கடல் பிளந்ததல்ல. மூஸா மலையிலிருந்து இறங்கி வந்தபோது தன் சமூகம் காளைக்கன்றை வணங்கக் கண்ட காட்சி. சியோனிசம் இன்று தமது மக்களின் பொய்யான வணக்கப் பொருளாகிவிட்டது என்பது அவர் வாதம். அவருடைய அரசியலோடு ஒருவர் உடன்படலாம், உடன்படாமல் விடலாம். கதையைக் கையாண்ட விதம்தான் எனக்கு முக்கியம். கதையின் கூர்முனையை வெளியில் நிற்பவரின் பக்கம் திருப்பாமல் தன் வீட்டின் பக்கம் திருப்பினார்.

5

இதுவரை மற்றவர்களைப் பேசினோம். இனி எமது பக்கம்.

1981 ஒக்டோபர் 6ஆம் திகதி, 1973 யுத்தத்தின் நினைவாக நடந்த இராணுவ அணிவகுப்பில், எகிப்திய ஜனாதிபதி அன்வர் சாதாத்தைச் சுட்டுக்கொன்ற காலித் இஸ்லாம்பூலி, தான் பிர்அவ்னைக் கொன்றுவிட்டதாகக் கத்தினான். எகிப்தில் அந்தச் சொல்லுக்கு இரண்டு முகமுண்டு. 1920களிலிருந்தே பிர்அவ்ன்களின் பழம்பெருமையைத் தேசிய அடையாளமாகக் கொண்டாடும் போக்கு அங்கே இருந்து வந்தது. 2021 ஏப்ரலில் 22 அரச மம்மிகளைத் தங்க நிற வாகனங்களில் கெய்ரோ வீதிகளில் ஊர்வலமாகக் கொண்டுபோனதும் அதன் தொடர்ச்சிதான். மற்ற முகம் குத்பாவில் வரும் பிர்அவ்ன். இஸ்லாம்பூலி கத்தியது இரண்டாவதை.

மூஸாவின் கதையில் மூஸாவும் ஒரு கொலை செய்திருக்கிறார். ஒருவனைக் குத்தினார், அவன் இறந்துபோனான். அல்கஸஸ் அதை மறைக்கவில்லை. ஆனால் உடனே அதை ஷைத்தானின் வேலை என்று சொல்லி மன்னிப்புக் கேட்கும் மூஸாவையும் அது காட்டுகிறது. அவர் ஓடிப்போனார், மத்யனில் ஆடு மேய்த்தார், ஆண்டுகள் கழித்துத்தான் தூதுத்துவம் வந்தது. வந்தபோது கையில் கொடுக்கப்பட்டது தடி. பிர்அவ்னிடம் மென்மையாகப் பேசுமாறு தாஹா அத்தியாயத்தில் கட்டளை வருகிறது. பிர்அவ்னை மூழ்கடித்தது மூஸா அல்ல. இஸ்லாம்பூலி இந்த நீண்ட கதையில் தன் கைக்கு வசதியான கடைசிக் காட்சியை மட்டும் எடுத்தான். அதையும் இறைவனின் கையிலிருந்து எடுத்தான். சாதாத்துக்குப் பிறகு வந்தது மூஸாவின் ஆட்சியல்ல. அவசரகாலச் சட்டத்தோடு ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஹுஸ்னி முபாரக் இருந்தார்.

2011இல் தஹ்ரீர் சதுக்கத்தில் முபாரக்கும் பிர்அவ்ன் எனப்பட்டார். அடுத்த ஆண்டு நவம்பரில், இஹ்வான்களின் ஜனாதிபதி முஹம்மத் முர்ஸி தன் அதிகாரங்களை விரிவாக்கி ஆணை பிறப்பித்தபோது, முஹம்மத் அல்பராதி அவரைப் புதிய பிர்அவ்ன் என்றார். முப்பது வருடத்தில் ஒரே சொல் மூன்று ஜனாதிபதிகளுக்கு. ஒருவரை மற்றவரோடு சமப்படுத்த நான் வரவில்லை. யார் மேலும் ஒட்டக்கூடிய சொல் கடைசியில் யாரையும் அடையாளம் காட்டாது என்பதே நான் சொல்வது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கலீபா மஃமூனிடம் ஒருவர் கடுமையாக உபதேசித்தபோது, உன்னைவிடச் சிறந்தவரை என்னைவிடக் கெட்டவனிடம் அனுப்பிய இறைவன் மென்மையாகப் பேசச் சொன்னானே என்று அவர் திருப்பிக் கேட்டதாக ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. எமது மௌலவிமார் இதை ரசித்துச் சொல்வார்கள். நானும் ரசித்தவன்தான். இப்போது யோசிக்கும்போது, அந்தக் கதை ஆட்சியாளருக்கு எவ்வளவு வசதியானது என்று தெரிகிறது. மென்மை என்பது சொல்லும் விதம், சொல்லாமல் விடுவதல்ல. மூஸா மென்மையாகத்தான் பேசினார், ஆனால் என் மக்களை விட்டுவிடு என்ற கோரிக்கையில் ஓர் எழுத்தும் குறைக்கவில்லை. பிர்அவ்னின் சொந்தச் சபைக்குள்ளேயே எழுந்து நின்று பேசிய முஃமினான மனிதரையும், அவன் மாளிகைக்குள்ளேயே அவனை நிராகரித்த அவன் மனைவியையும் அல்குர்ஆன் நினைவுகூருகிறது. பிர்அவ்னின் வீட்டார் எல்லோரும் பிர்அவ்ன்கள் அல்லர் என்ற பாடத்தை அரசியல் மேடையில் நான் இதுவரை கேட்கவில்லை.

6

எமது ஊர்த் தேர்தல் மேடைகளில் பிர்அவ்னும் காரூனும் ஹாமானும் தாராளமாக நடமாடுகிறார்கள். எதிர்க்கட்சிக்காரர் பிர்அவ்ன், காசுள்ள எதிர்க்கட்சிக்காரர் காரூன். அடுத்த தேர்தலில் இருவரும் ஒரே சின்னத்தில் நின்றால் உவமை சத்தமில்லாமல் வாபஸ் வாங்கப்படும். இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம். சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். பெரும்பாலானோர் புத்தளத்துக்கு வந்து சேர்ந்தார்கள். எமது சமூகத்தின் யாத்திராகமம் அது. கடலும் பிளக்கவில்லை, மன்னாவும் இறங்கவில்லை. அந்த நினைவை நாம் எந்த அதிகாரமாக வாசிக்கிறோம்?

2009இல் யுத்தம் முடிந்தபோது, வன்னியிலிருந்து வந்த ஏறத்தாழ மூன்று இலட்சம் தமிழ் மக்கள் வவுனியாவில் மெனிக் பாம் முகாம்களில் முள்ளுக்கம்பிக்குள் அடைக்கப்பட்டிருந்தார்கள். அப்போது நான் தொழுகைக்குப் போகும் பள்ளிவாசலில், அவர்களுக்கு உலர் உணவு சேர்த்து அனுப்பலாமா என்று ஒரு பேச்சு வந்தது. ஒருவர் எழும்பி, "தொண்ணூறுல எங்கட சனத்துக்கு யாரு தந்தாங்க?" என்று கேட்டார். கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆகவே யாரும் வாய் திறக்கவில்லை. தூணோடு சாய்ந்திருந்த ஒரு வயோதிபர், தொண்ணூறில் வடக்கிலிருந்து பிள்ளைகளோடு வந்தவர், மெதுவாகச் சொன்னார்: "யாரும் தரல்ல, மகன். அதனாலதான் நாங்க குடுக்கோணும்."

அவர் உபாகமம் வாசித்திருக்க மாட்டார். ஆனால் அவர் திறந்தது 24ஆம் அதிகாரம். கேள்வி கேட்டவர் திறந்தது 25. இருவர் கையிலும் இருந்தது ஒரே காயம்.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, மூஸா காப்பாற்றப்பட்ட நாளுக்காக யூதர்கள் நோன்பிருப்பதைக் கண்டு, மூஸாவுக்கு நாமே அதிக நெருக்கமானவர்கள் என்றார்கள். அந்த நெருக்கத்தை அவர்கள் காட்டியது எவ்வாறு? தானும் நோன்பு நோற்றார்கள், தோழர்களுக்கும் ஏவினார்கள். மூஸாவின் மீது உரிமை கோருபவர் முதலில் தன் வயிற்றின் மீது ஒரு கடமையைச் சுமந்துகொண்டார்.

அடுத்த வாரம் அந்த வகுப்புக்கு மீண்டும் போகிறேன். முன்வரிசை மாணவிக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது: பிர்அவ்ன் யார் என்று ஒருவர் மேடையில் சொன்னால், அவன் தன் மக்களைப் பிரித்தவனா என்று முதலில் பார்; பிறகு, சொல்பவர் எங்களைப் பிரிக்கிறாரா என்றும் பார். பின்வரிசை மாணவனுக்கு, அந்தப் பூமியில் முன்னமே இருந்த ஆக்கள் எங்கும் போகவில்லை, இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். இந்தமுறை மணி அடித்தாலும் சொல்லிவிட்டுத்தான் வெளியே வர நினைத்திருக்கிறேன்.